மூன்று தண்ணீர் அலசிய கோணி

என்னிடம் இஞ்சிப்பூக் கிழங்கு கேட்டு வருகிற உங்கள் எல்லோரிடமும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். வெயில் காலத்தில் செடியின் அடியில் என்ன போடுவீர்கள்? தேங்காய் நார் என்பீர்கள், காய்ந்த இலை என்பீர்கள். சரி என்று கொடுத்துவிடுவேன். போன மாதம் நம்மில் ஒருத்தி, "வீட்டுல பழைய கோணி கெடக்குது, அதைப் போட்டுட்டா போச்சு" என்றாள். நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. கீழே இறங்கிப் போகும்போது, "ஒரு கெழங்குக்கு இவ்ளோ ராங்கியா" என்று முனகிக்கொண்டே போனாள். காதில் விழுந்தது. அவளைக் கூப்பிட்டுக் காரணம் சொல்லியிருக்கலாம். படிக்கட்டில் நின்று சொல்லி முடிக்கிற காரணமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் இப்படிப் படிக்கட்டில் நின்று சொல்ல முடியாத ஒன்று இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நாம் சமையலுக்கு வாங்கும் இஞ்சி வேறு, இது வேறு. கிழங்கை ஒடித்தால் இஞ்சி வாசனை அடிக்கும், அவ்வளவுதான் உறவு. தண்டு ஆள் உயரம் வளரும். மழைக்காலத்தில் உச்சியில் பச்சையாக ஒரு கூம்பு கட்டும். அதன் செதில்களுக்கு இடையிலிருந்து சாயங்காலத்தில் வெள்ளைப்பூ ஒன்றொன்றாக வெளியே வரும். சிறகு விரித்த பட்டாம்பூச்சியைக் காம்பில் குத்தி வைத்தது போல இருக்கும். மறுநாளே சோர்ந்து மஞ்சளாகிவிடும். தலையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டுவதற்குள் வாடிப்போகும். ஆனால் வாசனை இருக்கிறதே, அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வாசனைக்காகத்தான் அம்மா அதை வைத்தாள். ஆம்பூரில் எங்கள் வீடு ஆற்றங்கரைக்கும் தோல் கிடங்குகளுக்கும் நடுவில். பின்கதவைத் திறந்தால் டேனரி நாற்றம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து அதில்தான் மூச்சு விட்டோம், அதனால் நாற்றம் என்று தெரியாது. அம்மா ஏலகிரி மலைப்பக்கத்தில் பிறந்தவள். அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை. தாய்வீட்டிலிருந்து துணியில் சுற்றி எடுத்துவந்த கிழங்கைப் பின்கதவுக்கு நேரே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டாள். "அந்த நாத்தம் வர்ற வழியில இது நிக்கட்டும்" என்பாள். மூன்று வருடத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குப் புதராக மண்டியது.

அப்பாவுக்கு டேனரியில் பச்சைத்தோல் கிடங்கில் வேலை. வந்து இறங்குகிற தோலை விரித்து, உப்பு அப்பி, அடுக்குவது. தொட்டுப் பார்த்தே இது எத்தனை நாள் உப்பில் கிடந்த தோல் என்று சொல்லிவிடுவார். உப்பு அவர் விரல்களையும் விடவில்லை. நுனியெல்லாம் வெடித்து, தோல் உரிந்து இருக்கும். ரசம் பிசைந்தால் எரியும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் ஸ்பூன். மற்றபடி நாங்கள் ஒன்றும் ஸ்பூனில் சாப்பிடுகிற வீடு இல்லை. வேலை முடிந்து வந்ததும் அம்மா அவர் விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவாள். "உப்பு மாதிரி திருடன் கெடையாது" என்பார் அப்பா. "உள்ள பூந்தது தெரியாது. வெளிய வந்தப்பறம்தான் இன்னா போச்சுன்னு தெரியும்."

இந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடங்கில் உப்பு வந்த கோணிகளைக் காலி ஆனதும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அப்பா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். கால் மிதிக்க, அடுப்புக் கரியைக் கொட்டிவைக்க, கோழிக்கூண்டுக்கு மறைப்பாக, எல்லாவற்றுக்கும் அந்தக் கோணிதான். கத்திரி வெயில் தொடங்கியதும் அம்மா நாலைந்து கோணிகளை நனைத்து இஞ்சிப்பூப் புதரின் அடியில் சுற்றிலும் விரிப்பாள். கோழி கிளறாதபடி மேலே காய்ந்த வாழை இலையைப் போட்டு மூடுவாள். மண் காயாமல் ஈரம் நிற்கும். நான் பார்த்தது அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அவள் செய்ததை நான் பார்க்கவில்லை.

எனக்குப் பத்து வயதாகும்போது, ஐப்பசியில், காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் அம்மா போய்விட்டாள். செடி முழுக்கப் பூத்திருந்தது. அப்பா ஒரு பூ விடாமல் பறித்து அவள்மேல் வைத்தார். வெடித்த விரலில் அந்தப் பூக்காம்பின் சாறு பட்டு எரிந்திருக்கும். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த விரல்கள்தான் வருகின்றன, முகம் வரமாட்டேன் என்கிறது.

தை மாதம் சித்தி வந்தாள்.

அத்தை, அப்பாவின் அக்கா, வாணியம்பாடியிலிருந்து வந்து ஏற்பாடு செய்தது. "பொட்டப் புள்ளையை வெச்சிக்கினு ஒத்தையில இன்னா பண்ணுவ?" என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டுச் சம்மதிக்க வைத்தாள். சித்திக்கு ஆற்காட்டுப் பக்கம். நல்ல உயரம். முன்பல்லில் ஒரு சந்து. சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஒரு தகரப்பெட்டியும், எனக்கென்று ஒரு பெட்டி மக்கன் பேடா இனிப்பும் கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. அலமாரியில் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் எறும்பு வரிசை கட்டியது. அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "போவட்டும், எறும்புக்காவது என்னைப் புடிச்சிருக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இங்கே எழுதும்போது சித்தி, சித்தி என்று எழுதுகிறேன். அப்போது நான் அவளை ஒன்றும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நிற்பேன். அவளாகத் திரும்பிப் பார்த்துக் கேட்க வேண்டும். "எனக்குப் பேர் வெக்கிறதுக்கு இன்னும் நல்ல நாள் பாத்துக்கினு இருக்கியா?" என்பாள். கோபமாக அல்ல. தலை பின்னும்போது சீப்பால் மண்டையில் லேசாகத் தட்டிக்கொண்டே கேட்பாள்.

வந்த ஒரு வாரத்தில் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு போய் இஞ்சிப்பூத் தண்டுகளை அடியோடு வெட்டினாள். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, வெட்டினால்தான் புதுக்குருத்து வரும். செடி வளர்க்கும் உங்களுக்கு அது தெரியும். எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், அம்மா நின்ற இடம் மொட்டையாக இருக்கிறது. தரையில் உருண்டு கத்தினேன். தெருவே கூடிவிட்டது. அப்பா வந்து, "உங்கம்மாவும் வருசா வருசம் வெட்டுவாடா கண்ணு" என்றார். நான் நம்பவில்லை. அம்மா வெட்டுகிறபோது அது வெட்டாகத் தெரிந்ததில்லை.

மாசியில் குருத்து வந்தது. சித்திதான் முதலில் பார்த்தாள். மாவுக் கையோடு ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "பாரு பாரு, எலி மூக்கு நீட்டுற மாதிரி!" மண்ணைத் தள்ளிக்கொண்டு, இளஞ்சிவப்பாக, ஏழெட்டு மூக்குகள். எனக்கு உள்ளுக்குள் குதித்தது. "ம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதன்பிறகு அவள் தினமும் அரிசி களைந்த தண்ணீரை அங்கே கொண்டுபோய் ஊற்றினாள். துவைக்கிற கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாதபடி மண் அணைத்து ஒரு வரப்பு கட்டினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துவரும்போது, வீட்டுக்குள் வருவதற்குமுன் ஒரு சொம்பு அதற்கு. "மலையிலேந்து வந்தவங்க, கெணத்துத் தண்ணி ஒத்துக்காது" என்பாள், ஏதோ விருந்தாளியைச் சொல்வது போல.

அது என் அம்மாவுடையது. என் வேலையை அவள் செய்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

கத்திரி பிறந்தது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் லீவு. ஒருநாள் பகலில் சித்தி ஊற்றுத் தண்ணீருக்குப் போயிருந்த நேரம், கோழிக்கூண்டு மேலே கிடந்த கோணிகளில் நாலை எடுத்தேன். போன வாரம் அப்பா கொண்டுவந்தவை. அட்டை போல விறைத்து இருந்தன. வாளித் தண்ணீரில் முக்கி நனைத்தேன். அம்மா விரித்த மாதிரியே குருத்துகளுக்கு நடுவில் நடுவில் செருகி விரித்தேன். மேலே வாழைச் சருகு. எழுந்து நின்று பார்த்தபோது, அம்மா இருந்த வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. அம்மா போன பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்த ஒரே பகல் அது.

சித்தி சருகைப் பார்த்தாள். நான் போட்டது என்று தெரிந்துகொண்டாள். சருகின் மேலேயே தண்ணீரை ஊற்றினாள், வழக்கத்தைவிட ஒரு சொம்பு ஜாஸ்தியாக. எனக்காக.

பதினைந்து இருபது நாளில் இலையின் நுனி பழுப்பாகியது. அப்புறம் ஓரம். வெயில் என்று நினைத்து அவள் இன்னும் ஊற்றினாள். இலை நெருப்புக் காட்டியது போலச் சுருண்டது. சருகு விலகிய ஓரத்தில் மண்மேல் வெள்ளையாக ஒன்று பூத்திருந்தது, கோலமாவு கொட்டினது போல. ஆள்காட்டி விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலா பார்த்துவிட்டார். உருது பேசுகிற வீடு. காலா என்றால் அவர்கள் பேச்சில் பெரியம்மா; தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். "அரே, இன்னாடி மண்ணு துன்றே?" என்றார்.

"உப்பா இருக்குது காலா."

"உப்பா? கோணி போட்டியா?" எட்டிப் பார்த்தார். "கழுவிப் போட்டியா?"

நான் விழித்தேன்.

"உங்கம்மா மூணு தண்ணி அலசுவா. நீ ஸ்கூலுக்குப் போய்ட்டா ஒரு ஒரு கோணியா கல்லுல போட்டு அடிப்பா, அலசுவா, காய வெப்பா, மறுபடி அலசுவா. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு வேலைன்னு நான் கேப்பேன். உப்பு எறங்குனா கெழங்கு செத்துரும் காலான்னு சொல்லுவா." சொல்லிவிட்டு உள்ளே ஏதோ அடுப்பில் தீய்கிறது என்று போய்விட்டார். அந்த வாரமே மகள் பிரசவத்துக்குக் குடியாத்தம் கிளம்பிப் போனார். அவர் ஊரில் இருந்திருந்தால் கதையே வேறு.

அன்றைக்கே கோணிகளை இழுத்துப் பிடுங்கி ஆற்றோரப் புதரில் கொண்டுபோய் எறிந்தேன். அடியில் கிடந்தது பாதி மக்கியிருந்தது. கிழிந்து ஒரு துண்டு மண்ணுக்குள் நின்றுவிட்டது. நல்ல தண்ணீராகக் குடம் குடமாக ஊற்றினேன். உப்பு இன்னும் கீழேதான் போனது. அப்பா சொன்ன திருடன்தான். உள்ளே புகுந்தாயிற்று.

ஆனியில் புதர் முழுக்கக் காய்ந்து சாய்ந்தது. ஐப்பசியில் அம்மாவின் முதல் வருடத் திதிக்கு அந்தப் பூவைத்தான் படத்துக்கு வைக்க வேண்டும் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் வீட்டுக்குள் நடமாடினோம்.

ஆடிப்பிறப்புக்கு அத்தை வந்தாள். வந்தவள் நேரே பின்கதவுக்குப் போனாள்.

"இன்னாடி இது? மொட்டையா இருக்குது?"

"இன்னான்னே தெரியல அண்ணி. நல்லாத்தான் வந்துச்சு. தண்ணியெல்லாம் ஊத்தினேன்" என்றாள் சித்தி.

"எந்த நாள்ல ஊத்தின? தூரமான நாள்லயும் ஊத்தினியா?"

மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் பூச்செடி கருகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்லாதவர்கள் யார்? மல்லிக்குப் பக்கத்திலேயே நம்மை விட்டதில்லையே. சித்திக்கு அதில் நம்பிக்கை இல்லை. தினமும்தான் ஊற்றினாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

"பாத்தியாடா?" அத்தை அப்பாவிடம் திரும்பினாள். "மூத்தவ வெச்சது இவ கண்ணை உறுத்தியிருக்குது. தையில வந்தவ, தண்டை வெட்டினா. இப்ப வேரையே கருக்கிட்டா. நாளைக்கு இந்தப் புள்ளை தலையிலயும் இந்தக் கைதான வெப்பா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். நான் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

அப்பா மண்வெட்டி எடுத்துப் புதரைக் கிளறினார். வெந்த சேப்பங்கிழங்கு போலக் குழைந்து வந்தது. நல்ல நாளில் அந்தக் கிழங்கை வெட்டினால் தெரு முழுக்க மணக்கும். அன்றைக்கு ஒரு புளித்த வாடை. சித்தி அவர் பக்கத்தில் குனிந்து, மெதுவாக ஏதோ சொன்னாள். என் காதில் விழவில்லை. மண்வெட்டியின் முனையில் சணல் நாராக ஏதோ மாட்டியிருந்தது. அப்பா அதை உதறினார். பிறகு தொட்டிக்குப் போய்க் கைகழுவினார். வெகுநேரம் கழுவினார். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நினைத்து எனக்கு மூச்சு வந்தது.

சுவரோரம் அள்ளிப் போட்ட குப்பையில் சித்தி உட்கார்ந்து அழுகல் கிழங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா நடிப்பு" என்றாள் அத்தை. எனக்கும் அது நடிப்பாகத்தான் பட்டது. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

புதுப்பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம்தானே. அதனால் யாரும் யாரையும் போ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. சித்தியின் தம்பி வந்தார், தட்டில் பழம் வைத்து அழைத்தார், அவள் கிளம்பினாள். பெட்டியில் பாதிப் புடவைகளைத்தான் எடுத்து வைத்தாள். மீதி கொடியிலும் அலமாரியிலும் இருந்தது. என் தலையைப் பின்னிவிட்டு, "ஒரு மாசம் நீயே பின்னிக்கோ. வகிடு நேரா எடு" என்றாள். சீப்பை என்னிடமே விட்டுப்போனாள். பல் ரெண்டு உடைந்த பச்சைச் சீப்பு.

ஆடி முடிந்தது. ஆவணியில் புருஷன் வீட்டார் போய் அழைத்துவர வேண்டும். அத்தை வாணியம்பாடியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள், அவசரப்படாதே என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார். வெடித்த விரலால் பொத்தான் போட அவருக்கு நேரம் பிடிக்கும். நான் போட்டுவிட்டேன். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஆற்காடு போய்ட்டு வர்றேன். சித்தியைக் கூட்டிக்கினு வரட்டுமா? நீ இன்னா சொல்ற?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லு கண்ணு. எதுனா என்கிட்ட சொல்லணுமா?"

"அம்மா செடியை சாவடிச்சிட்டாங்க இல்ல" என்றேன்.

இதுதான் நான் படிக்கட்டில் நின்று சொல்ல முடியாதது.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். எதற்கோ காத்திருப்பது போல இருந்தது. பிறகு எழுந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அவரே கழற்றினார். சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார், சித்தியின் புடவைகளுக்குமேல். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஐப்பசித் திதிக்குக் கடையில் சாமந்தி வாங்கி வைத்தோம். மறு வருடம் அந்தப் பாதிப் புடவைகளை அத்தை மூட்டையாகக் கட்டி, ஆற்காடு போகிற யாரிடமோ கொடுத்தனுப்பினாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சித்தியும் இல்லை. எண்ணெய் தடவ ஆள் இல்லாமல் அவர் விரல்கள் அப்படியே கிடந்தன. நான் தடவுகிறேன் என்றால், "வேணாம், பழகிடுச்சு" என்பார்.

அப்பாவும் காலமாகி, என் மகளுக்குக் கல்யாணம் வந்தபோதுதான் நான் ஆற்காடு போனேன். பத்திரிகை ஒரு சாக்கு. தன் தம்பி வீட்டின் பின்னால் ஒரு தாழ்வாரத்தில் சித்தி இருந்தாள். முடி முழுக்க வெள்ளை. கால் நீட்டி உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சித்தி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பல் சந்து தெரிந்தது. "பரவால்ல, பேர் வெச்சிட்டியே" என்றாள்.

அவளுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு இஞ்சிப்பூ நின்றது. பூத்து. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் குப்பையில் அழுகாத ஒரு கணு கட்டைவிரல் அளவு கிடைத்ததாம். முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாளாம்.

"செடி செத்தது உங்களால இல்ல" என்றேன். "நான்தான் கோணி போட்டேன். கழுவாம."

"தெரியுமே."

"எப்டி?"

"நீ கோணியை எறியப் போனப்ப பாத்தேன், மண்ணு மேல உப்பு பூத்துருந்துதே, அதுல ஒரு விரல் தடம் இருந்துது. சின்ன விரலு. அதுக்குப் பக்கத்துலயே நானும் வழிச்சு நாக்குல வெச்சுப் பாத்தேன்." புளியங்கொட்டையைத் தூர எறிந்தாள். "அத்தை வந்தப்ப உங்கப்பா காதுல சொன்னேன், இது உப்புதான்னு. கோணின்னு சொல்லல. அவருக்கா தெரியாது? அந்தக் கோணித் துண்டைப் பாத்தாரு. வாசப்படியில நின்ன உன்னைப் பாத்தாரு. அப்பறம் போய் கை கழுவினாரு."

தொட்டுப் பார்த்து உப்பின் வயதைச் சொல்கிற மனிதர். முப்பது வருடம் உப்பு தின்ற கை. அவருக்குத் தெரியாமல் போயிருக்குமா என்று ஒருநாளாவது நான் யோசித்தேனா?

"அத்தைகிட்டயே சொல்லியிருக்கலாமே சித்தி."

"சொன்னா? அம்மா வெச்ச செடியை அவ புள்ளையே கொன்னுச்சுன்னு ஊர்ல பேசுவாங்க. பத்து வயசுல அதைத் தூக்கிக்கினு நீ எங்க போவ? நான் பெரியவ. ஒரு மாசம்தான, ஆவணிக்கு வந்து கூப்புடுவாருன்னு நெனச்சேன்." சிரித்தாள். தெருவுக்குக் கேட்கிற அந்தச் சிரிப்பு இல்லை. "அந்த ஆவணில நாலு ஞாயித்துக்கெழமை தலை பின்னி பூ வெச்சிக்கினு உக்காந்துருந்தேன். எங்கம்மா திட்டுவா, பைத்தியமாடீ உனக்குன்னு."

அப்பா வெள்ளைச் சட்டை போட்ட ஞாயிறு அந்த நாலில் ஒன்று. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கிளம்பினார் சித்தி, நான்தான் நிறுத்தினேன் என்று. அவள் தட்டில் இருந்த புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வராததற்கு அவளாக ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்து, அதோடு இத்தனை வருடம் வாழ்ந்திருப்பாள். அதைப் பிடுங்க எனக்கு மனது வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பத்து வயதில் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டு நின்றவள்தான் அங்கேயும் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்துவிட்டேன்.

அவள் கல்யாணத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தாள் என்று தாமதமாகத்தான் செய்தி வந்தது. இனி அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவளும் இதைப் படிக்கட்டும். அவளுக்குக் கிழங்கு எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

ஆற்காட்டில் நான் கிளம்பும்போது சித்தி மண்வெட்டியை எடுத்து, தன் கையாலேயே மூன்று கணு கிழங்கு தோண்டினாள். ஈரம் காயாமல் இருக்க ஒரு கோணித் துண்டில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டினாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பயப்படாத, மூணு தண்ணி அலசினது" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொட்டலம் மடியில். இஞ்சி வாசனை பஸ் முழுக்க. வேலூர் தாண்டியதும், பக்கத்தில் இருந்தவள் தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு, அந்தக் கோணியின் ஓரத்தை மெதுவாக நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

துளி உப்பு இல்லை.